மண்ணில் மருந்து தேடிய டாக்டர் சுப்பாராவ்

சென்ற கார்த்திகை மாதத்தில், செல்லிப்பட்டிலிருந்து எங்களுடன் படிக்க வரும் தோழியின் பாட்டிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. சிறுநீரைச் சோதிக்கக் கொடுத்தார்கள். முடிவு வர மூன்று நாட்களாயின. அந்தத் தாளில் பல மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றின் எதிரே ‘எஸ்’ என்றும், சிலவற்றின் எதிரே ‘ஆர்’ என்றும் அச்சிட்டிருந்தது. தோழி அதை வகுப்புக்குக் கொண்டு வந்தாள். எங்கள் உயிரியல் சிஸ்டர் பொறுமையாக விளக்கினார்.

நோயாளியிடமிருந்து எடுத்த பாக்டீரியாவை, அகார் கூழ் பரப்பிய தட்டின் மீது ஒரே சீராகப் பூசுவார்கள். அதன்மேல் மருந்து தோய்ந்த சிறு வட்டக் காகிதங்களை வைத்து, ஓர் இரவு முழுவதும் உடலின் சூட்டளவில் வைத்திருப்பார்கள். கிருமியை அடக்கவல்ல மருந்தானால், காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். அதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். அடங்கும் கிருமிக்கு ‘எஸ்’. எதிர்த்து நிற்பதற்கு ‘ஆர்’. பாவர், கிர்பி முதலிய அறிஞர்கள் 1966-இல் இம்முறையை ஒழுங்குபடுத்தினர்.

பாட்டியின் தாளில் டெட்ராசைக்ளினுக்கு ‘ஆர்’. அந்தக் குடும்பத்தின் முதல் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரின் தலைமையில் பிறந்தது என்று சிஸ்டர் சொன்னபோது நாங்கள் வியப்படைந்தோம். அவரைப் பற்றித் தேடிப் படித்தோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறிய குடும்பம். பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினார், பிடித்து வந்துவிட்டார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இதைப் படித்ததும் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்! மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதி வெற்றி பெற்றார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். அதைவிடப் பெருந்துயரம் அவர் வீட்டில் நிகழ்ந்தது. ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல் நோயால் அவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் மாண்டனர். உண்ட உணவு உடலில் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும் நோய் அது. மருத்துவம் கற்ற அவரிடமே அதற்கு மருந்தில்லை.

1922-இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். தசைகளுக்குச் சக்தி தரும் பொருள்களையும் ஆராய்ந்தார். 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவிலேயே ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கே டக்கர் என்ற தாவரவியல் அறிஞர், எழுபது வயதைக் கடந்தவர், பல ஊர்களின் மண்ணைத் தருவித்துச் சோதித்தார். மண்ணில் வாழும் ஓர் உயிரியை அகார் தட்டில் ஒரு கோடாக வளர்த்து, அதற்குக் குறுக்கே நோய்க்கிருமிகளைக் கோடுகளாக இழுப்பது அக்கால ஆய்வுக்கூடங்களின் வழக்கம். கிருமிக் கோடு நெருங்காமல் தள்ளியே நின்றுவிட்டால், அங்கே ஏதோ மருந்து சுரக்கிறது என்று பொருள். பாட்டிக்குச் செய்த சோதனையும் இதன் உறவுதான். அங்கே, தெரிந்த கிருமியைக் கொண்டு புது மருந்தைத் தேடினார்கள். இங்கே, தெரிந்த மருந்துகளைக் கொண்டு கிருமியின் குணத்தை அறிகிறார்கள்.

மிசௌரி பல்கலைக்கழக வயல் ஒன்றிலிருந்து 1945-இல் வந்த மண்ணில், பூஞ்சை போன்ற பொன்னிற பாக்டீரியா ஒன்று கிடைத்தது. லத்தீனில் பொன்னுக்கு ‘ஆரும்’ என்று பெயர். ஆகவே மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். வாய்வழியே உட்கொள்ளலாம், பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகளையும் அடக்கியது. 1948 ஜூலையில் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த மாதமே சுப்பாராவ் உறக்கத்தில் காலமானார். வயது 53.

அவருடைய குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். இந்த ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்ந்தே பிற்காலத்தில் ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாயின. இதைப் படித்த அன்று எங்களுக்குச் சற்று நேரம் பேச்சே எழவில்லை. புதுவையில் யானைக்கால் நோயைத் தடுக்க வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் உருவானதே. ஆனால் 1922-இல் சென்னையில் விட்டுச் சென்ற மனைவி சேஷகிரியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை. அவ்வளவு பெரியவரிடத்திலும் இதை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை.

அவர் மறைந்த பின், ஆரியோமைசின் கலந்த தீவனத்தால் கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்வதைக் கண்டு, கால்நடைகளுக்கும் அதை அள்ளிக் கொடுத்தார்கள். மனிதர்களும் வேண்டாத இடத்தில் விழுங்கினார்கள். அடங்கிய கிருமிகள் மடிய, அடங்காதவை பெருகின. பாட்டியின் தாளில் அந்த ‘ஆர்’ வந்த வழி இதுதான் என்றார் சிஸ்டர். ‘எஸ்’ போட்டிருந்த வேறொரு மருந்தை மருத்துவர் கொடுத்தார், பாட்டி தேறிவிட்டார்.

மழை பெய்ததும் எழும் மண்வாசனையும் அந்தப் பொன்னிற உயிரியின் இனத்தாரால் வருவதாம். தோழி சங்கராபரணிக் கரையிலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வந்தாள். சிஸ்டர் அதில் சிறிதை நீரில் கரைத்து, ஒரு துளியை அகார் தட்டில் இட்டு, மூடியை ஒட்டி, யாரும் திறக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். ஒரு வாரத்தில் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் புள்ளிகள் தோன்றின. பொன்னிறம் ஒன்றும் இல்லை. தோழி அடுத்த வாரம் வேறொரு வயலின் மண்ணைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.