கதையை முடித்த கல்கி

மாயவரம் பகுதியில் மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில், 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. கல்கி என்ற புனைபெயரால் அன்னாரை அறியாத தமிழர் அரியர். திருச்சி தேசீய உயர்தரப் பாடசாலையில் பயின்றுவந்த அவர், 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் பொருட்டுப் படிப்பைத் துறந்து வெளியேறினார். ஆதலின் கலாசாலைப் பட்டம் எதுவும் அவர் பெயரை அடுத்து நின்றதில்லை. அவர் நூல்கள் நில்லாத கலாசாலைப் புத்தகசாலையும் இல்லை எனலாம். தேசத் தொண்டில் மும்முறை சிறை புகுந்தார். திரு. வி. க.வின் நவசக்தியிலும், இராஜாஜியின் விமோசனத்திலும் தொழில் பழகி, ஆனந்த விகடனில் புகழ் எய்தி, 1941-இல் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

நிற்க. இவை பலரும் அறிந்த செய்திகளே. ஈண்டு நாம் நோக்கக் கருதுவது, அவர் தம் மிகப் பெரிய தொடர்கதையை முடித்த வகையை.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி, ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு, ஐந்து பாகங்களாக மூன்றரை ஆண்டு வாரந்தோறும் வெளிவந்தது. வாசகர்கள் ஏடுகளைக் கிழித்தெடுத்துச் சேர்த்துப் பைண்டு செய்து போற்றினர். அச்சங்குளம் முதலிய கரிசற்காட்டு ஊர்களினின்று இங்கு வந்து பயிலும் மாணவருள் சிலரேனும், தம் பாட்டனார் வீட்டுப் பரணில் அத்தகைய கட்டு ஒன்றைக் கண்டிருத்தல் கூடும்.

1954 மே மாதத்தில் கதை முடிந்தது. இறுதி அத்தியாயத்தில் பேதை மணிமேகலை உயிர் துறக்கிறாள். கதைக்குப் பெயர் தந்த அருள்மொழிவர்மனோ அரசனாகவில்லை. தனக்கு வந்த மணிமுடியைச் சிற்றப்பன் உத்தம சோழனுக்குச் சூட்டிவிடுகிறான். வாசகர்கள் மனம் ஆறவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவன் யார்? நந்தினி என்ன ஆனாள்? வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா? தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த இராஜராஜனின் ஆட்சி எங்கே? இவ்வாறு கேட்டனர். பத்திரிகை நடத்துவோர்க்கு இதனினும் பெரிய ஆசை காட்டல் வேறு உண்டோ? இன்னும் இரண்டு பாகம் எழுதியிருப்பினும் அவற்றையும் வாசகர் வாங்கியே படித்திருப்பர்.

கல்கி கதையை நீட்டவில்லை. ஒரு முடிவுரை மட்டும் எழுதினார். முழுக் கற்பனைக் கதையில் எல்லோரும் மணம் புரிந்து இனிது வாழ்ந்தனர் என்று முடித்துவிடலாம். சரித்திரக் கதையை அங்ஙனம் முடித்தல் இயலாது என்பதை அதில் விளக்கினார். பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்பதையும் ஒருவாறு கூறி அமைந்தார்.

அவர் செய்தது தக்கதே என்பது எம் கருத்து. முடியைக் கொடுத்த இடமே அக்கதையின் கொடுமுடி. ஐந்தாம் பாகத்திற்குத் தியாக சிகரம் என்று அவர் பெயரிட்டதும் அதனாலன்றோ? அதற்குப்பின் எத்துணைப் போர்களை வருணித்தாலும் அது மலையினின்று இறங்குதலே ஆகும். கரிகாலன் கொலையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உடையார்குடிக் கல்வெட்டு, குற்றவாளிகளான இரவிதாசன் முதலிய உடன்பிறந்தாரின் நிலங்கள் இராஜராஜன் ஆணையால் பறிக்கப்பட்டதைக் குறிக்கின்றது. அவர்களுக்குப் பின்னின்றவர் எவர் என்று அது கூறவில்லை. கல் பேசாத இடத்தில் கல்கியும் ஐயத்தை ஐயமாகவே விடுத்தார். அதனால் சினங்கொண்ட வாசகர் இன்றும் உளர்!

அவர் விட்ட இடத்தைப் பிறர் வாளா விடவில்லை. விக்கிரமன் நந்திபுரத்து நாயகியில் அக்கதையைத் தொடர்ந்தார். அகிலன் வேங்கையின் மைந்தனில் இராஜேந்திரனைப் பாடுபொருளாக்கினார்.

முடிவுரை வெளிவந்த அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், தம் 55-ஆம் வயதில் கல்கி காலமானார். அப்போது அவர் எழுதிவந்த அமரதாரா பாதியில் நின்றது. 1870-இல் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் மறைந்தபோதும் அவர் கதையொன்று இவ்வாறே நின்றது. அதன் முடிவு எது என்று இன்றளவும் வாதிடுகின்றனர். அமரதாராவுக்கு அந்நிலை நேரவில்லை. கல்கியின் புதல்வி ஆனந்தி, தந்தையார் வைத்துச் சென்ற குறிப்புகளைத் துணைக்கொண்டு அதனை எழுதி முடித்தார்.