எல்லாப்பிரகட சுப்பாராவ்: உடலின் கையிருப்பைக் கண்டவர்

1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். வணிகர்கள் நிறைந்த நம் சங்கக் குடும்பங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த ஒரு செய்தி போதும். காசிக்கு வரும் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகலாம் என்று சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பியவர் அவர். தாயார் தேடிப் பிடித்துத் திரும்பவும் பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். நம் வீடுகளில் எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் நடக்கும் அமளியை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைக்கும் கதர் அங்கிதான். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கைக்கு வந்தது. அதே காலத்தில் அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்ற குடல் நோயில், சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். தின்பது உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வற்றி ஆளை உருக்கும் நோய் அது.

மேல்படிப்புக்கு அமெரிக்கா போகப் பணமில்லை. மாமனாரும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையும் கைகொடுத்தார்கள். சங்கத்தின் கல்வி நிதிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பாஸ்டன் சேர்ந்த சுப்பாராவ், செலவுக்காக மருத்துவமனையில் இரவுப் பணியாளாக நின்று நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த அளவுகோலை வைத்துத்தான் 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் கண்டார்கள். ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டு ஏ.டி.பி.யைக் கண்டார்.

பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்த எங்களுக்கு இதைச் சொல்லக் கடைக் கணக்கே எளிது. கல்லாப்பெட்டியில் உள்ள ரொக்கம் ஏ.டி.பி. தசை அசைய அதுதான் செலவாகும். ஆனால் பெட்டியில் இருப்பது கொஞ்சமே. கூட்டம் நெரிக்கும்போது பெட்டி காலியாகாமல், உள்ளே கட்டி வைத்த கையிருப்பிலிருந்து உடனுக்குடன் நிரப்ப வேண்டும். பாஸ்போகிரியேட்டின் அந்தக் கையிருப்பு. சில நொடிகளுக்குத்தான் தாங்கும். அதற்குள் மாவுச்சத்தும் கொழுப்பும் எரியத் தொடங்கிவிடும். ஓய்வு கிடைத்ததும் கையிருப்பும் பழையபடி நிரம்பிவிடும்.

சுப்பாராவ் ஏ.டி.பி.யைக் கண்ட 1929ஆம் ஆண்டில்தான் நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அன்று நம் தமிழர்கள், இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும். கொழுந்து நிறைந்த மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் அந்த முதல் மூச்சு, யாருடையதானாலும், இந்தக் கையிருப்பில் நடப்பதே. தானா ராத்தாவில் விடியற்காலைக் குளிரில் உடம்பு நடுங்குவதும் அப்படித்தான். தசைகள் ஏ.டி.பி.யைச் செலவழித்துச் சூடு உண்டாக்கி, உடம்பை 37 பாகையிலேயே நிறுத்தப் பார்க்கின்றன. வெளியே என்ன ஆனாலும் உள்நிலை குலையாமல் உடல் தன்னைக் காப்பதற்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்ட வால்டர் கேனனும் அப்போது ஹார்வர்டில்தான் பேராசிரியர்.

ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்புரூவுக்கு அது மருந்தானது. நம் வீட்டுப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையும் அதுதான். இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளும் அங்கே பிறந்தன. யானைக்கால் நோய்க்கு அவர்கள் தந்த ஹெட்ரசான் மருந்தை மலேசிய அரசும் தன் ஒழிப்புத் திட்டத்தில் மக்களுக்குக் கொடுத்திருக்கிறது.

1948 ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெறவே இல்லை. கப்பலேறிய பிறகு ஊருக்கும் அவர் திரும்பியதில்லை. படிப்பு முடிந்ததும் வந்துவிடுவார் என்று வழியனுப்பிய மனைவி, அவரை மறுபடி பார்க்கவில்லை.