மூன்றாவது தடவை எழுதாத பாடம்

பிள்ளைகளே! இங்கிலீஷ் இலக்கணம் என்றாலே முகம் சுளிக்கிறீர்களா? நம் திருவண்ணாமலைக்கு ஒரு மகான் வந்து சேர்ந்ததே அப்படி ஒரு பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத்தான்!

ரமண மகரிஷியின் இளமைப் பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். 1892-ல் தந்தை இறந்துவிட, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். 1896 ஜூலையில் ஒருநாள் வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் அவரைப் பிடித்தது. உடம்பு செத்தால் நானும் சாவேனா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தார். அதன்பிறகு பாடத்தில் மனம் ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 29. பெயின் என்பவர் எழுதிய இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதி வரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். இரண்டு தடவை எழுதினார். மூன்றாவது தடவை எழுதாமல் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நாகசாமி குத்தலாக ஒரு வார்த்தை சொல்ல, அன்றே புறப்பட்டார். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்காக வாங்கிய 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு சீட்டுடன் வைத்தார். அந்தச் சீட்டின் இலக்கணமே தனி. தன்மையில் தொடங்கி, தன்னையே அஃறிணையாக்கி, கையெழுத்துக்குப் பதில் வெறும் கோட்டில் முடிந்தது!

திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கினார். கட்டணப் பலகையில் இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருந்தால், திருவண்ணாமலைக்கே சரியாக 3 ரூபாய்தான்! வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்கினார். சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கும்போது கையில் இரண்டரை அணாதான் இருந்தது. ஓட்டல்காரர் அதை வாங்க மறுத்துவிட்டார்.

இங்கே ஒரு இலக்கணம். ரூபாயையும் அணாவையும் எண்ணலாம். அதனால் இங்கிலீஷில் அவற்றுக்கு 'மெனி', 'ஃபியூ' வரும். 'மணி' என்ற பணத்துக்கு (மணியார்டரில் வருமே, அந்த மணி) 'மச்', 'லிட்டில்' வரும். வெறும் 'லிட்டில் மணி' என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முன்னால் ஒரு 'எ' சேர்த்து 'எ லிட்டில் மணி' என்றால் கொஞ்சம் இருக்கிறது. வேங்கடராமனிடம் இருந்தது 'எ லிட்டில்'தான். அதை வைத்து மாம்பழப்பட்டு வரை ரயிலில் போனார். அப்புறம் நடைதான்.

கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 காலை அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்றார். பிறகு அய்யங்குளத்தில் மொட்டை போட்டுக்கொண்டு, மிச்சம் இருந்த 3 ரூபாய்ச் சொச்சத்தையும் வீசிவிட்டார். 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை அவர் மறுபடி பணத்தைக் கையில் வைத்திருக்கவில்லை. இந்த ஊரை விட்டுப் போகவும் இல்லை.

மலைக்குகையில் அடியார்களோடு இருந்தபோது, பிச்சைச் சோறு சில நாள் போதாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கி, எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிடுவார். பல நாள் அதற்கு உப்புகூட இருக்காது.

அந்தக் கஞ்சிக்கு 'மச்' வருமா, 'மெனி' வருமா? சொல்லுங்கள் பார்ப்போம்!