காவலூர் மலையில் கண் வைத்தவர்: வைணு பாப்பு

இஷா தொழுதுவிட்டு படூரில் நமது மொட்டை மாடியில் நின்றால், எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் நட்சத்திரங்கள் தெரிகின்றன. ராஜீவ் காந்தி சாலை விளக்குகளும் சிறுசேரிக் கட்டடங்களின் வெளிச்சமும் வானத்தை வெளுக்க வைத்துவிட்டன. இருட்டான வானம் வேண்டும் என்பதற்காகவே ஜவ்வாது மலைக்குப் போன ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கத்து வாசகர்களுக்கு காவலூர் வானாய்வகம் தெரிந்திருக்கும். அதை அங்கே கொண்டுவந்தவர் வைணு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். அந்த ஆய்வகம் நவாப் ஸஃபர் ஜங் என்ற பிரபு வானியல் ஆர்வத்தால் தம் சொந்தச் செலவில் தொடங்கியது. பின்பு நிஜாம் அரசிடம் வந்தது. தந்தையின் கைபிடித்து அங்கே போய்வந்த சிறுவனுக்கு தொலைநோக்கி வீட்டுச் சாமான் போலப் பழகிவிட்டது. ஹைதராபாத் அரசின் உதவித்தொகைதான் அவரை அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு அனுப்பியது. 1949இல், மாணவராக இருக்கும்போதே, ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரும் பாக், நியூகிர்க் ஆகிய இருவரின் பெயர்களும் சேர்த்து வைக்கப்பட்டன. நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து அதன் உண்மையான பிரகாசத்தை அறியும் வழி ஒன்று வில்சன்–பாப்பு விளைவு என்றே இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பு கிடைத்தது. 1968இல் காவலூரில் முதல் தொலைநோக்கி நின்றது. 38 சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. அடுத்து ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் கண்டறிந்தபோது, காவலூரிலும் அது பதிவானது.

பெரிய தொலைநோக்கியையும் வெளிநாட்டில் வாங்கிவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. 2.34 மீட்டர் அகலக் கண்ணாடியை பெங்களூருவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலேயே தேய்த்து மெருகேற்ற முடிவெடுத்தார். கலைப் பட்டதாரியான நமக்கு வியப்பு தருவது தேய்ப்பதைவிடச் சோதிப்பதுதான். கூடத்துக்குள் நட்சத்திரம் கிடையாது. அதனால் ஊசித் துளை வழியே வரும் விளக்கொளியை நட்சத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தில் கத்தி முனை ஒன்றைக் குறுக்கே நகர்த்தினால், கண்ணாடியின் மேடு பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். முடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு பிசகுகூட அதில் தப்பாது. மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். மாதங்கள் இப்படியே போகும்.

இந்தப் போலி நட்சத்திரம் பொய் சொன்னால் என்னாகும்? 1990இல் அமெரிக்கா விண்ணில் ஏற்றிய ஹப்பிள் தொலைநோக்கி மங்கலாகத்தான் பார்த்தது. தரையில் அதன் கண்ணாடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். 1993இல் விண்வெளி வீரர்கள் மேலே போய்ச் சரிசெய்தார்கள்.

பாப்பு தம் பெரிய தொலைநோக்கி வானைப் பார்ப்பதைக் காணவில்லை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த நிலையில், 1982 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 55. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி (நம் சாலைக்குப் பெயர் தந்தவரேதான்) அதைத் திறந்து வைத்தபோது, தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

அவர் வளர்த்த நிறுவனம் அதோடு நிற்கவில்லை. பெங்களூருவை அடுத்த ஹொஸகோட்டையில் அதற்குத் தூசி புகாத ஒரு கூடம் இருக்கிறது. 2015இல் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் ஏறிய புறஊதாத் தொலைநோக்கி அங்கே ஒன்றுசேர்த்துச் சோதிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 கொண்டுபோன கருவியும் அங்கே உருவானதுதான். அது சூரியனின் நடுவட்டத்தை மறைத்து ஓரத்து மெல்லொளியைப் பார்ப்பது. அத்தகைய கருவியைத் தரையில் சோதிக்க ஊசித் துளை நட்சத்திரம் போதாது. வானில் அரை டிகிரி அகலத்துக்குத் தெரியும் சூரியனைப் போலவே, அதே அகலத்தில் ஒளிவட்டம் ஒன்றைக் கூடத்துக்குள் உண்டாக்க வேண்டும்.