கரி குடித்த காற்று

குழந்தைகளே, உங்கள் வீட்டில் குடிநீர் வடிகட்டும் கருவி இருக்கிறதா? அடுத்த முறை அதைச் சரிபார்க்க ஆள் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளேயிருந்து எடுக்கும் குழல்களில் ஒன்றில் கரி இருக்கும். ஆமாம், கரிதான்! தொட்டால் கையைக் கறுப்பாக்கும் கரி, தண்ணீரை எப்படிச் சுத்தமாக்கும்? இந்த விந்தையின் நுனியை முதலில் பிடித்தவர்களில் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்த்த கார்ல் வில்ஹெம் ஷீலே.

1742-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி, ஸ்ட்ரால்சுண்ட் என்ற துறைமுக ஊரில் ஷீலே பிறந்தார். இன்று அந்த ஊர் ஜெர்மனியில் இருக்கிறது. அன்று ஸ்வீடன் நாட்டின் ஆட்சியில் இருந்தது. வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள், இவர் ஏழாவது. கல்லூரிக்கெல்லாம் அனுப்ப வழியில்லை. 14 வயதிலேயே ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தக் கால மருந்துக்கடையில் அட்டை அட்டையாக மாத்திரை விற்க மாட்டார்கள். மூலிகை, உப்பு, அமிலம் எல்லாவற்றையும் அங்கேயே இடித்து, காய்ச்சி, வடித்து மருந்து செய்வார்கள். ஷீலேவுக்கு அதுதான் பள்ளிக்கூடம், ஆய்வுக்கூடம் எல்லாம். பகலில் கடை வேலை. இரவில் முதலாளியிடம் இருந்த வேதியியல் புத்தகங்களைப் படிப்பார். படித்ததைச் செய்து பார்ப்பார். இப்படி எட்டு ஆண்டுகள்! பிறகு மால்மோ, ஸ்டாக்ஹோம் என்று ஊர் ஊராகக் கடை மாறி, 1770-ல் உப்சாலா நகருக்கு வந்து சேர்ந்தார்.

உப்சாலாவில் அவர் செய்த இரண்டு சோதனைகளைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்போம்.

முதலாவது, 1771-ல். ஃபுளோர்ஸ்பார் என்று ஒரு கல் உண்டு. அதைப் பொடித்து, கந்தக அமிலத்தோடு சேர்த்து, வளைந்த மூக்குள்ள கண்ணாடிக் குடுவையில் சூடாக்கினார். ஒரு புதிய அமிலம் ஆவியாகக் கிளம்பியது. பார்த்தால், குடுவையின் கண்ணாடியே அரித்துப் போயிருந்தது! கண்ணாடியைத் தின்னும் அமிலம்! இன்று அதை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்கிறோம். ஆவி போய்ச் சேர்ந்த தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்தது. அமிலமும் தண்ணீரும் சேர்ந்து அதை உண்டாக்கியதாக ஷீலே நினைத்தார். அது தவறு. அந்த வெள்ளைப் பொருள் அரிக்கப்பட்ட கண்ணாடியிலிருந்து வந்தது என்று பின்னால் மற்றவர்கள் காட்டினார்கள். பெரிய விஞ்ஞானிகளும் தடுக்கி விழுவார்கள்!

இரண்டாவது, 1773-ல். நன்றாகக் காய்ந்த கரித்தூளை ஒரு குடுவையில் பாதிவரை போட்டார். குடுவையின் வாயில், காற்றை வெளியேற்றிய ஒரு மிருகத்தின் நீர்ப்பையைக் கட்டினார். ரப்பர் பலூன் இல்லாத காலம் அது, நீர்ப்பைதான் பலூன். குடுவையைச் சூடாக்கியதும் பை உப்பியது. சரி, சூடானால் காற்று விரியும், அதில் என்ன அதிசயம்? அதிசயம் ஆறும்போதுதான் தெரிந்தது. பையிலிருந்த காற்று முழுவதையும் கரி உறிஞ்சிக்கொண்டது! மறுபடி சூடாக்கினார், காற்று வெளியே வந்தது. ஆறியது, உள்ளே போனது. கரி அடைத்திருந்த இடத்தைப் போல எட்டு மடங்கு இடத்தை அடைக்கும் காற்று அது. அவ்வளவும் எங்கே ஒளிந்தது?

கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்தத் துளைகளின் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது காற்று. இதற்குப் 'பரப்புக் கவர்தல்' என்று பெயர். கரியை நீராவியில் மிக அதிகமாகச் சூடாக்கினால் துளைகள் இன்னும் பெருகும். அதுதான் 'கிளர்வூட்டிய கரி'. அதில் ஒரே ஒரு கிராமின் உட்சுவர்களை விரித்துப் பரப்ப முடிந்தால், ஏழெட்டு கபடி ஆடுகளங்களை மூடிவிடலாம்!

கரி திரவத்தில் இருக்கும் நிறத்தையும் உறிஞ்சும் என்று 1785-ல் ரஷ்யாவில் டோபியாஸ் லோவிட்ஸ் என்ற இன்னொரு மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வழி அங்கிருந்து திறந்தது.

ஷீலே கண்டுபிடித்த மற்றவற்றைச் சொன்னால் பட்டியல் நீளும். புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம், புளித்த பாலில் உள்ள லாக்டிக் அமிலம், குளோரின்... ஆக்சிஜனைக்கூட ஜோசப் பிரீஸ்ட்லிக்கு முன்பே கண்டுவிட்டார். ஆனால் அவர் புத்தகம் அச்சாகி வர 1777 ஆகிவிட்டது. அதற்குள் பிரீஸ்ட்லி தன் கண்டுபிடிப்பை வெளியிட்டுவிட்டார். பாவம் ஷீலே!

1775-ல் ஷோப்பிங் என்ற சிற்றூரில் ஒரு மருந்துக்கடையை ஏற்று நடத்தப் போனார். பெரிய பதவிகள் தேடி வந்தும் அங்கிருந்து நகரவில்லை. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: கண்டுபிடித்த பொருளை முகர்ந்தும் ருசித்தும் பார்ப்பார், விஷமாக இருந்தாலும்கூட! (நீங்கள் இதை மட்டும் செய்யவே கூடாது.) அதுவே அவர் உடம்பைக் கெடுத்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். 1786 மே 21-ல், 43 வயதிலேயே ஷீலே இறந்தார்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1886-ல், ஃபுளோர்ஸ்பார் கல்லுக்குள் மறைந்திருந்த ஃபுளோரினைத் தனியாகப் பிரித்தார் பிரான்ஸின் ஹென்றி முவாசான். இருபதாம் நூற்றாண்டில் ஃபுளோரினையும் கார்பனையும் இணைத்துப் புதுப்புதுப் பொருள்கள் செய்தார்கள். எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. நனையாத துணி, தீயணைக்கும் நுரை என்று எங்கும் பயன்பட்டன. இந்த இரண்டும் கைகோத்தால் வெயிலோ கிருமியோ எளிதில் பிரிக்க முடியாது. அதனால் மண்ணில் இறங்கினால் அழியாமல் அப்படியே கிடக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. உடம்பில் சேர்ந்தால் கொழுப்பு கூடுவது, தடுப்பூசியின் பலன் குறைவது போன்ற தொல்லைகளோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு.

2012-ல் ஒரு நகரத்தின் குடிநீரில் இவை இருப்பது தெரிந்தது. எந்த நகரம் தெரியுமா? உப்சாலா! ஊருக்கு அருகில் உள்ள ராணுவ விமானத் தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்திய நுரை, நிலத்தடி நீரில் கலந்திருந்தது.

அதை எடுக்க உதவியது கரி! உப்சாலாவின் பேக்லோசா குடிநீர் நிலையத்தில், கிளர்வூட்டிய கரி நிரப்பிய தொட்டிகள் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. இந்த ஃபுளோரின் பொருள்களுக்குத் தண்ணீர் பிடிக்காத ஒரு வால் உண்டு. அந்த வால் கரியின் துளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீண்ட வால் உள்ளவை நன்றாக மாட்டும். குட்டை வால்கள் சீக்கிரமே நழுவிவிடும். இவற்றில் முக்கியமான நான்கு பொருள்களுக்கு 2026 ஜனவரி முதல் ஸ்வீடன் வைத்துள்ள வரம்பு, நான்கும் சேர்ந்து 100 கோடி லிட்டர் தண்ணீரில் 4 கிராம். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் 400-ஐ நிரப்பி, ஒரு சின்னக் கரண்டி சர்க்கரையைக் கரைத்தது போல!

கரிக்கும் ஒரு நாள் வயிறு நிறைந்துவிடும். அப்போது அதை அள்ளி எடுத்து, உலையில் கடுமையாகச் சூடாக்குவார்கள். துளைகள் காலியானதும் கரி மறுபடி தொட்டிக்குப் போகும். சூடாக்கினால் விட்டுவிடும் என்பதும் ஷீலே தன் நீர்ப்பையில் பார்த்ததுதானே!