தொடுமுன் கணித்தல்

நுழையும்முன்

தவறு நேர்ந்தபின் திருத்திக்கொள்ள மிகக் குறைந்த வாய்ப்பளிக்கும் உறுப்பு மூளை. அதைத் தொடும்முன் கணித்தாக வேண்டும். கருவிகள் அரிதான காலத்தில் அந்தக் கணிப்பைத் தமிழகத்தில் ஒரு துறையாக வளர்த்தவரின் வாழ்வையும், இன்று அப்பணியில் கணினி துணைநிற்கும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முன்னோடி

மருத்துவர் பி. இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். மூளை, நரம்பு அறுவைக்கென நாட்டில் தனித்துறை இல்லாத காலம் அது. எனவே இங்கிலாந்து சென்று நியூகாசில் நகரில் அக்கலையைக் கற்றார். 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத்துறையை ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இணைந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

கண்ணுக்குத் தெரியாத இடம்

சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே அமைந்தது அம்மருத்துவமனை. ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் ஊரான திருத்தணி போன்ற ஊர்களிலிருந்து வருவோர், வண்டியிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தால் அதன் வாயிலை அடைந்துவிடலாம். ஆனால், நோயாளியின் மண்டையோட்டுக்குள் நேர்ந்ததைக் காட்டும் சி.டி. ஸ்கேன் அன்று இல்லை. இலண்டனில் முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டதே 1971இல்தான்.

உடல் காட்டும் குறிகளே வழிகாட்டின. வலக்கை தளர்ந்தால் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தில் பழுது. ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்தால் அப்பக்கத்தில் அழுத்தம். கழுத்துத் தமனியில் நிறப்பொருள் செலுத்தி எடுக்கும் எக்ஸ்கதிர்ப் படமும் துணைசெய்தது. அதில் குருதிக்குழாய் தன் தடத்திலிருந்து விலகியிருந்தால், அருகே கட்டியோ கசிந்து உறைந்த குருதியோ அதைத் தள்ளுகிறது எனலாம். பாதியில் மறைந்தால் அவ்விடத்தில் அடைப்பு இருக்கக்கூடும். கணிப்புப் பிழைத்தால் நோயாளியின் சொல்லோ கையோ உயிரோ பறிபோகும்.

மூன்று அளவுகள்

1960களில் இராமமூர்த்தியின் குழு ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் சிறந்து விளங்கியது. நோயாளியின் தலையை உலோகச் சட்டகத்தில் நிலைநிறுத்திப் படம் எடுப்பர். முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று தொலைவுகளைக் கணக்கிட்டு, மூளையின் ஆழத்திலுள்ள இலக்கை வரையறுப்பர். அதன் பின்னரே சிறுதுளை வழியாக மெல்லிய ஊசி உள்ளே செல்லும். நடுக்குவாத நோயாளிகள் பலருக்கு இம்முறை நிவாரணம் அளித்தது. முதலில் தாளில் கணக்கு, பின்னர் உடலில் கருவி என்பதே அதன் ஒழுங்கு. இக்குழுவில் பயின்ற டி.எஸ். கனகா, உலகின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவராக உயர்ந்தார். பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய இராமமூர்த்தி 2003ஆம் ஆண்டு திசம்பர் 13ஆம் நாள் மறைந்தார்.

திரையில் ஒத்திகை

அவர் மறைந்த மறு ஆண்டில், மூளைத் தமனியை அடைத்த உறைவை இழுத்தெடுக்கும் கருவிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வலைபோல் விரியும் ஸ்டென்டில் உறைவைச் சிக்கவைத்து வெளியே இழுப்பர். குழாய் வழியே உறிஞ்சியும் எடுப்பர். பெருந்தமனி அடைபட்டோருக்கு இச்சிகிச்சை பெரும்பயன் தருவதை 2015இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன.

எனினும், எல்லா உறைவுகளும் ஒன்றல்ல. சிவப்பணுக்கள் மிகுந்தது மென்மையாக இருக்கும். ஃபைப்ரின் இழைகள் மிகுந்தது விறைப்பாகித் தமனிச் சுவரைப் பற்றிக்கொள்ளும். இழுக்கையில் வலை நழுவலாம். உறைவு உடைந்து, அதன் துணுக்கு வேறொரு கிளையை அடைக்கலாம். இதனை முன்னறியவே கணினிப் பாவனை பயன்படுகிறது. ஸ்கேன் படங்களிலிருந்து தமனியின் வளைவும் விட்டமும் முப்பரிமாண வடிவம் பெறுகின்றன. தமனி, உறைவு, வலை மூன்றும் நுண்கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின்மீதும் செயல்படும் இழுவிசை, உராய்வு, குருதியழுத்தம் ஆகியன கணக்கிடப்படுகின்றன. ஒரே உறைவை வெவ்வேறு கருவிகளால் பலமுறை இழுத்துப் பார்க்கலாம். திரையில் நேரும் தோல்வியால் எவருக்கும் தீங்கில்லை. ஆயினும், உறைவின் விறைப்பை ஸ்கேன் முழுமையாகச் சொல்வதில்லை. ஆகவே, இம்முறை இன்று பெரிதும் கருவி வடிவமைப்பிற்கும் ஆய்விற்குமே பயன்படுகிறது. இறுதி முடிவு மருத்துவருடையதே.

காலம் என்னும் மருந்து

பெருந்தமனி அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. திருத்தணியிலிருந்து சென்னை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். எத்தனை நுட்பமான கருவியும் அத்தொலைவைத் தானாகக் கடந்து வராது. நோயாளியே அதனிடம் விரைந்து சேர வேண்டும். இராமமூர்த்தியின் தலைமுறை உடற்குறிகளைப் படித்தே மூளையை அறிந்தது. அக்குறிகளுள் சிலவற்றையேனும் ஒவ்வொரு வீடும் இன்று அறிந்திருந்தால், கணிப்பின் முதற்படி வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும்.

தெரிந்து தெளிவோம்

திடீரென முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். அறிகுறி தானே மறைந்தாலும் காத்திருத்தல் கூடாது.

கற்பவை கற்றபின்

1. தாளில் கணித்த ஸ்டீரியோடாக்டிக் முறையையும் கணினிப் பாவனையையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரிலிருந்து பக்கவாதச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை அடைய ஆகும் நேரத்தைக் கேட்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.