காணா விண்மீனைக் கணக்கிட்டவர்

ஜெர்மனியின் மின்டன் நகரில் 1784இல் பிறந்த பிரீட்ரிக் வில்கெல்ம் பெசல், 14 வயதில் பள்ளிப் படிப்பை விட்டார். இலத்தீன் அவருக்குக் கசந்தது, எண்கள் இனித்தன. பிரெமன் நகரின் வணிக நிறுவனம் ஒன்றில் ஊதியமின்றிக் கணக்கெழுதப் பழகினார். கடல்கடந்து வணிகம் செய்வோர் நடுக்கடலில் கப்பலின் இருப்பிடத்தை அறிய விண்மீன்களை அறிந்திருக்க வேண்டும். கணக்கேடுகளுக்கு இடையே வளர்ந்த இளைஞர் இவ்வாறே வானியலுக்கு வந்து சேர்ந்தார்.

1607இல் எழுதிவைக்கப்பட்ட குறிப்புகளைக் கொண்டு ஹாலி வால்மீனின் பாதையைத் தம் 20ஆம் வயதில் கணித்தார். அதைக் கண்டு வியந்த வானியலறிஞர் ஓல்பர்ஸ் அவரை ஊக்குவித்தார். வளமான வணிக வாழ்வைத் துறந்த பெசல், 1810 முதல் கோனிக்ஸ்பர்க்கில் பணியாற்றினார். பட்டம் பெறாத ஒருவரிடம் வான் ஆய்வகமொன்றை ஒப்படைத்த அரசின் துணிவும் பாராட்டத்தக்கதே.

விண்மீன் ஒன்றின் தொலைவை 1838இல் அளந்து காட்டியதையே அவருடைய பெருஞ்சாதனையாகப் பலர் கூறுவர். ஆனால், அதனினும் துணிவு மிக்கது 1844இல் அவர் வெளியிட்ட முடிவு. இரவு வானில் மிகுதியாக ஒளிர்வது சிரியஸ் என்னும் விண்மீன். பல்லாண்டுக் காலப் பதிவுகளை ஒப்பிட்ட பெசல், அது நேர்கோட்டில் நகராமல் சிறிதே அலைந்து செல்வதைக் கண்டார். திருவிழாக் கூட்டத்தில் நடப்பவர் ஒருவர் அடிக்கடி ஒருபுறம் சாய்ந்தால், அவர் கைப்பிடித்து வரும் குழந்தை நமக்குத் தெரியாவிடினும் அங்கே ஒரு குழந்தை இருப்பதை உணர்கிறோம் அல்லவா? அவ்வாறே, கண்ணுக்குப் புலனாகாத துணை விண்மீன் ஒன்று சிரியஸைத் தன் ஈர்ப்பால் இழுக்கிறது என்றார் பெசல். புரோசியான் என்னும் விண்மீனுக்கும் அத்தகைய துணை உண்டு என்றார். ஒளி தராத காரணத்தால் ஒரு பொருள் இல்லையென்று ஆகிவிடாது என்பது அவர் கருத்து.

அத்துணைகளைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை, 1846இல் மறைந்தார். 1862இல் அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் என்பவர் புதிய தொலைநோக்கி வில்லையைச் சோதிக்கச் சிரியஸை நோக்கினார். அதனருகே மங்கிய ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தது. ஏறத்தாழ சூரியனின் நிறையைப் புவியின் அளவுக்குள் அடக்கிய வெண்குறுமீன் அது என்பது 20ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. புரோசியானின் துணையோ பெசல் மறைந்து 50 ஆண்டுகள் கழிந்தபின், 1896இல் கண்டறியப்பட்டது.